உஷார்! குதிரைக் கணிப்புப் போட்டிக்குக் காசு கட்டுமுன்...

நோட்டன் பிரிட்ஜ் தம்பிமாரே, அண்ணன்மாரே, கொஞ்சம் நில்லுங்கள்! "ஆளுக்கு ஆயிரம் போடு, ஆறு ரேஸுக்குக் குதிரை சொல்லு, கூடுதலாகப் புள்ளி எடுத்தவனுக்கு மொத்தக் காசும்" என்று யாராவது வட்ஸ்அப் குழு தொடங்கி அழைத்தால் உடனே காசை நீட்டாதீர்கள். ஏப்ரல் சீசனின் நுவரெலியா ரேஸாக இருக்கட்டும், இங்கிலாந்து ரேஸாக இருக்கட்டும், முதலில் விதி என்ன என்று கேளுங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட எத்தனை போராட்டம் நடந்தது! இவர்கள் கேட்கும் ஆயிரம் ஒரு நாள் கொழுந்துக் காசின் பெரும் பகுதி.

பெரிய ஆபத்து நேரத்தில்தான் இருக்கிறது. கோடையில் இங்கிலாந்தில் பகல் இரண்டு மணிக்கு ஓடும் ரேஸ் நமக்கு மாலை ஆறரைக்கு. மலைக்கு மலை சிக்னல் மாறும் ஊர் இது. ஒருவர் கையில் முடிவு இருக்கும்போது இன்னொருவர் போனில் குதிரைகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். "நான் முதலே அனுப்பினேன், சிக்னல் இல்லாமல் பிந்திப் போச்சு" என்று ஒருவர் சாதித்தால் என்ன செய்வீர்கள்?

இது வீண் பயம் இல்லை. 2002 ஒக்டோபரில் அமெரிக்காவின் பிரீடர்ஸ் கப் நாளில், ஆறு ரேஸிலும் ஜெயிக்கும் குதிரையைச் சொல்லும் பந்தயத்தில், சுமார் 30 லட்சம் டொலர் ஒரே ஆளுக்குப் போக இருந்தது. பந்தயக் கணினிகளை நடத்திய கொம்பனியின் ஊழியர் ஒருவரே முதல் நான்கு ரேஸ் முடிந்த பிறகு தன் கூட்டாளியின் துண்டில் ஜெயித்த குதிரைகளை எழுதியிருந்தார். கடைசி இரண்டு ரேஸுக்கு ஓடிய எல்லாக் குதிரைகளும் அந்தத் துண்டில் இருந்தன. இறுதி ரேஸில் 43க்கு 1 விலையில் இருந்த வொல்போனி ஜெயித்ததால்தான் சந்தேகம் கிளம்பியது. அந்த ஊழியரும் கூட்டாளிகளுமாக மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய ஏற்பாட்டிலேயே நடந்தது, ஒரு போன் குழுவில் நடக்காதா? ஆகவே எல்லாருடைய ஆறு குதிரைகளும் முதல் ரேஸுக்கு முன்பே குழுவில் எல்லாரும் பார்க்கப் பதிவாக வேண்டும். அதற்குப் பின் வருவது செல்லாது. போட்டி நடத்துபவர் விளையாடவே கூடாது.

அடுத்து, ஒரு ஆளுக்கு ஒரு துண்டுதான். கடைசி ரேஸில் 12 குதிரை ஓடினால், மச்சான், மாமா பெயர்களில் 12 துண்டு போடுபவர் எல்லாக் குதிரைகளையும் பிடித்துவிடுவார். புள்ளியைக் குதிரையின் விலைப்படி கணக்கிட்டால், 50க்கு 1 குதிரை வந்தால் 100 ரூபாய் கற்பனைப் பந்தயத்துக்கு 5,100 புள்ளி. 2க்கு 1 குதிரையைச் சரியாகச் சொன்னால் 300தான். நாள் முழுக்கப் படித்து மற்ற ஐந்து ரேஸையும் சரியாகச் சொன்னவரையும் ஒரு குருட்டு அதிர்ஷ்டம் தள்ளிவிடும். அமெரிக்கத் தேசியக் கணிப்புப் போட்டியில் ஜெயிக்கும் குதிரைக்கு 20க்கு 1க்கு மேல் கணக்கெடுப்பதில்லை. நமக்கும் அப்படி ஓர் உச்சவரம்பு வேண்டும். விலை, ரேஸ் தொடங்கும்போது அறிவிக்கப்படும் உத்தியோகபூர்வ விலையாக இருக்க வேண்டும். நடத்துபவர் சொல்லும் விலையாக அல்ல.

குதிரை ஓடாமல் விலகினால் மாற்றுக் குதிரை எது, புள்ளி சமமானால் பரிசு யாருக்கு என்பதையும் முன்பே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் நாட்டில் பந்தயக் காசு வாங்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாத குழுவில் ஏமாந்தால் பொலிஸுக்குப் போகவும் தயங்குவீர்கள், ஏமாற்றுபவருக்கும் அது தெரியும். கணிப்புத் திறமையைப் பார்க்கத்தான் ஆசை என்றால் கட்டணமில்லாமல் விளையாடுங்கள். காசு கேட்டு, விதியை எழுத்தில் தர மறுக்கும் குழுவிலிருந்து இன்றைக்கே வெளியேறுங்கள், பக்கத்து லயத்துப் பையன்களுக்கும் சொல்லுங்கள்.