மறைந்தவர் நடத்தும் வகுப்பு!

கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரிலே கன்கார்டியா பல்கலைக்கழகம் என்றொன்று உண்டு. 2021 சனவரித் திங்களில், அங்கே இணையவழியில் ஓவியக்கலை வரலாறு பயின்ற மாணவர் ஒருவருக்கு ஓர் ஐயம். ஆசிரியரையே கேட்டுவிடலாம் என்று அவருடைய முகவரியைத் தேடினார். முகவரியைத் தேடியவர் கண்ணிலே பட்டது இரங்கற் செய்தி! பிரான்சுவா மார்க் கான்யோன் என்ற அந்தப் பேராசிரியர் 2019 மார்ச்சிலேயே மறைந்துவிட்டார். மறைந்தவர் திரையிலே தோன்றுகிறார், ஓவியத்தை விளக்குகிறார், வகுப்பு நடக்கிறது!

பல்கலைக்கழகம் விளக்கம் அளித்தது. வகுப்பைக் கவனிக்க வேறோர் ஆசிரியர் இருக்கிறார், விடைகளைத் திருத்த உதவியாளர்கள் இருக்கிறார்கள், பதிவு செய்த சொற்பொழிவு ஒரு கருவிதான் என்றது. இருக்கட்டும். மாணவர் அறிந்த முகம் மறைந்தவரின் முகம். அந்த முகத்திடம் கேள்வி கேட்க முடியாது. மாண்டார் மீண்டதில்லை என்பார்கள் நம் ஊரில். மீள வேண்டியதில்லை, வேலைக்கு வந்தால் போதும் என்கிறது புதிய முறை!

வள்ளுவர் மறைந்து ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றனவே, அவர் நமக்குப் பாடம் சொல்லவில்லையா என்று கேட்கும் அறிவாளர் உண்டு. சொல்கிறார். ஆனால் குறளைக் காட்டி, "இதோ இருக்கிறார் எங்கள் தமிழாசிரியர், இனி அந்த இடத்துக்கு ஆள் எடுக்கத் தேவையில்லை" என்று எந்தக் கல்லூரியும் இதுவரை சொன்னதில்லை. நூல் வேறு, ஆசிரியர் வேறு என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. அந்தத் தெளிவைத்தான் திரை கலைக்கிறது.

அவரவர் வேகத்தில் கற்கும் இணையப் பாடம் என்று இதற்குப் பெயர். ஆசிரியர் ஒருமுறை பேசிப் பதிவு செய்துவிடுவார். கற்பவர் காலையிலும் கேட்கலாம், நள்ளிரவிலும் கேட்கலாம். ஒரே நாளில் முடிக்கலாம், ஓராண்டு இழுக்கலாம்.

இதை நாம் எதிர்க்கிறோமா? இல்லை! கேட்ட காதிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாத்திரத்தை எதிர்த்து வளர்ந்தவர்கள் நாம். செவியுள்ளோர் எவரும் கேட்கலாம் என்றொரு கருவி வந்தால், வாசலிலே கோலமிட்டு வரவேற்போம். 2010-இல் யூடெமி என்ற நிறுவனத்தைத் தொடங்கியோரில் ஒருவரான எரன் பாலி, துருக்கிச் சிற்றூர் ஒன்றின் ஒற்றை அறைப் பள்ளியில் படித்தவர். இணையத்தின் துணையால் கணக்குக் கற்றுப் பன்னாட்டுப் போட்டி வரை போனவர். ஆலையிலே இரவு வேலை முடித்து வரும் இளைஞனும், அடுப்படி வேலை ஓய்ந்தபின் கைப்பேசியை எடுக்கும் தங்கையும் கணிப்பொறி கற்க முடிகிறதென்றால், அது வெற்றிதான்.

யாருடைய உழைப்பால் வந்த வெற்றி? அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

அந்த ஆசிரியர் வேலையைச் சற்று எட்டிப் பாருங்கள். மாணவர் முகமில்லாத வகுப்பு அது. வகுப்பறையில் ஒருவன் கொட்டாவி விட்டால், ஆசிரியர் உதாரணத்தை மாற்றுவார். ஒருத்தி புருவத்தை நெரித்தால், மறுபடி சொல்வார். கேமரா கொட்டாவி விடாது, புருவமும் நெரிக்காது. எட்எக்ஸ் தளத்துப் பாடங்களை 69 இலட்சம் முறை பார்த்த பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. காணொளி எவ்வளவு நீளமானாலும், ஆறு நிமிடத்துக்கு மேல் பெரும்பாலோர் பார்ப்பதில்லை என்றது அது. ஆகவே ஆசிரியர் தம் பாடத்தை ஆறாறு நிமிடமாக நறுக்குகிறார். தெருவிலே ஆரன் ஒலி அடங்கி, பக்கத்து வீட்டு மிக்சி ஓய்ந்த பிறகு, இரவு பதினொன்றுக்கு மேல் பேசிப் பதிகிறார். நாக்குக் குழறினால் மீண்டும் முதலிலிருந்து! பிறகு வெட்டி ஒட்டும் வேலை, வினாத்தாள் ஆக்கும் வேலை, கற்பவர் அனுப்பும் ஐயங்களுக்கு விடை எழுதும் வேலை. கணிப்பொறிப் பாடமானால் இன்னொரு தொல்லை: மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்ததும் பொத்தான் இடம் மாறிவிடும், பழைய பதிவு செல்லாக்காசு, உட்கார், மறுபடி பேசு!

இவ்வளவும் செய்து முடித்தால், கேட்டு முடிப்பவர் எத்தனை பேர்? ஆர்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் வழி நடத்திய பாடங்களைக் கணக்கெடுத்தார்கள். 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர் நூற்றுக்கு மூவர்! தட்டிக்கொடுக்கவும் தட்டிக்கேட்கவும் ஆள் இல்லாத வகுப்பின் கதி அது. பழியோ ஆசிரியர் தலையில்: "உங்கள் பாடம் சுவையாக இல்லை."

இனிக் காசுக்கு வருவோம். யூடெமி தளத்தில் ஆசிரியர் தாமே ஆள் பிடித்து, தம் கூப்பன் வழியாக விற்றால் நூற்றுக்கு 97 அவருக்கு. தளம் தானாக விற்றால் 37. மூவாயிரம் ரூபாய் என்று விலை ஒட்டியிருப்பார்கள். தள்ளுபடித் திருவிழா வந்ததும் ஐந்நூறு ரூபாய் அளவுக்கு இறங்கும். வரி, கழிவு பார்க்காமல் கணக்கிட்டாலும் ஆசிரியர் கைக்கு 185 ரூபாய். முப்பது நாளைக்குள் வாங்கியவர் திருப்பிக் கேட்டால் அதுவும் போயிற்று! சந்தா கட்டி எல்லாப் பாடத்தையும் பார்க்கும் முறைக்கு வேறு கணக்கு. சந்தா வருவாயில் நூற்றுக்கு 25 ஆசிரியர்களுக்கு என்றிருந்ததை, 2024-இல் 20, 2025-இல் 17.5, 2026-இல் 15 என்று குறைக்கப்போவதாக 2023-இலேயே அறிவித்துவிட்டார்கள். அந்தத் துண்டையும் எந்தப் பாடத்தை எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று அளந்து பங்கு போடுவார்கள். படி ஏறுபவர் மாணவர். படி இறங்குபவர் ஆசிரியர்!

அடுத்து வந்தது செயற்கை நுண்ணறிவு. ஆசிரியர்களின் பாடங்களைக் கொண்டு தங்கள் இயந்திரத்தைப் பழக்கப்போவதாகச் சொன்ன அதே நிறுவனம், "வேண்டாம் என்போர் சொல்லிவிடலாம்" என்று 2024 ஆகஸ்டு 21-இல் சாளரத்தைத் திறந்தது. செப்டம்பர் 12-இல் மூடியது. அந்த நாட்களுக்குள் வாய் திறக்காதவர் சம்மதித்தவர் ஆனார். ஊரில் இல்லாதவர், உடல்நலமற்றவர், அஞ்சலைப் பார்க்காதவர் அனைவரும் சம்மதித்தவரே! மௌனம் சம்மதம் என்பது கலியாணப் பேச்சில் கேட்ட வாசகம். கூலிப் பேச்சில் எப்போது நுழைந்தது?

ஏகலைவன் கதையைச் சொல்வார்கள். கதையை நம்பச் சொல்லவில்லை. அதிலுள்ள கயமையைக் காணத்தான் சொல்கிறோம். வேடன் மகனுக்குக் கற்பிக்க மறுத்தார் துரோணர். அவன் மண்ணால் அவருக்குச் சிலை செய்து, அதன் முன்னே தன் வேகத்தில் தானே வில் பயின்றான். பேசாத சிலைக்குக் காணிக்கை கேட்டு வந்தவர், கட்டைவிரலை வாங்கிப் போனார். இன்றைக்குக் கதை தலைகீழ். சிலையாகிப் போனவர் ஆசிரியர். காணிக்கை வாங்குபவர் சிலைக்கு மண்டபம் கட்டிய வணிகர். கட்டைவிரல் கேட்கப்படுவதும் ஆசிரியரிடமே!

எல்லா ஆசிரியரும் கொடுத்துவிடவில்லை. கலிபோர்னியாவின் சான் ஓசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2013-இல் ஒரு நிகழ்ச்சி. ஆர்வர்டுப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் 'நீதி' பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளை எட்எக்ஸ் வழியாக எடுத்து நடத்துங்கள் என்றார்கள். தத்துவத் துறை ஆசிரியர்கள் மறுத்துவிட்டு, சாண்டலுக்கே வெளிப்படைக் கடிதம் எழுதினார்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு உயிருள்ள பேராசிரியர், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அவருடைய காணொளியா, துறைகளைக் கலைக்கும் வழியல்லவா இது என்பது அவர்களுடைய கேள்வி. தம் பதிவு வேறிடத்து ஆசிரியர்களைக் கவிழ்க்கப் பயன்படுவதைத் தாம் விரும்பவில்லை என்று சாண்டலும் விடை எழுதினார். நீதியைப் பற்றிய பாடத்துக்கு அதைவிட நல்ல செய்முறை விளக்கம் கிடைக்குமா!

எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று இருந்துவிட வேண்டாம். இந்திய அரசு 2017-இல் 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கியது. ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 20 வரை அதில் படித்தால் செல்லும் என்றிருந்ததைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் 40 ஆக்கிற்று. தொலைவிலுள்ள சிறந்த ஆசிரியரின் குரல் நம் கிராமத்துக் கல்லூரிக்கு வருவது நன்றே. ஆனால் பத்தில் நான்கு பாடம் பெட்டிக்குள்ளிருந்து வருமானால், கௌரவ விரிவுரையாளர் என்ற பட்டத்தோடு, நிரந்தரம் என்ற சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நம் தோழரின் நாற்காலி என்னாகும்? கௌரவம் மட்டும் மிஞ்சும்.

என்ன செய்யலாம்? வழிகாட்ட ஒரு சட்டம் இருக்கிறது. திரைப்படப் பாட்டெழுதுவோர் ஒரு காலத்தில் ஒருமுறை கூலி வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். பாட்டு நாடெங்கும் ஒலித்து, இசைத்தட்டு விற்றவர் மாளிகை கட்டினார். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் திரையரங்குக்கு வெளியே தம் படைப்பு ஈட்டும் தொகையில் சமபங்கு பெறும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று விதித்தார்கள். வறுமையிலே கையொப்பமிடுபவனைச் சட்டமே கைப்பிடித்துத் தடுக்கிறது!

பாடலாசிரியருக்குக் கிடைத்த இந்தக் காப்பு, பாட ஆசிரியருக்கும் வேண்டும் என்கிறோம். ஒரு மணி நேரப் பதிவுக்கு இவ்வளவு என்று ஒருமுறை கொடுத்துவிட்டு ஆயுளுக்கும் விற்பது கூடாது. ஆசிரியர் விலகினாலோ மறைந்தாலோ, அவர் குரலை எத்தனை காலம், எந்த விதியோடு ஒலிக்கச் செய்வது என்பதை அவரோ அவர் குடும்பமோ முடிவு செய்ய வேண்டும். இயந்திரத்தைப் பழக்க வேண்டுமானால், வாய் திறந்து சரி என்று சொன்னவர் பாடத்தை மட்டும் எடுக்க வேண்டும்.

அப்படியானால் பாடத்தின் விலை ஏறிவிடும், ஏழை மாணவர் பாதிக்கப்படுவார் என்று இப்போதே கண்ணீர் விடுவார்கள். விளம்பரத்துக்கும் இயந்திரத்துக்கும் செலவு உண்டு; மறுக்கவில்லை. ஐந்நூறு ரூபாய்ப் பாடத்தில் 185 ரூபாய் வாங்கிய ஆசிரியரிடம் அந்தக் கண்ணீரைக் காட்ட வேண்டாம். மிச்சம் 315 ரூபாய் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, அந்தப் பெட்டியைத் திறந்து கணக்கைக் காட்டட்டும்.