மதுவம் எவ்வளவு?

பாலுக்கு உறை இடும் தாய்மார் அளவின் அருமையை நன்கறிவர். இல்லத்திலே பியர் ஆக்கும் மேனாட்டாருக்கும் இத்தகைய வினாவொன்று எழுவதுண்டு: மதுவம் எவ்வளவு இடுவது?

எமது நாட்டில் அனுமதிப்பத்திரமின்றி மது ஆக்குதல் குற்றமாகும். பிரித்தானியாவிலோ 1963ஆம் ஆண்டில் வீட்டுப் பியருக்கான அனுமதிப்பத்திர விதி நீக்கப்பட்டது. குடியை விடுத்து, அதனுள் உறையும் விஞ்ஞானத்தையே நாம் ஈண்டு நோக்குவோம்.

முளைவிட்ட வாற்கோதுமையின் இனிய சாறே பியரின் மூலப்பொருள். அதிலுள்ள வெல்லத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுவது மதுவம் என்னும் நுண்ணுயிர். 1516இல் பவேரியாவில் எழுந்த பியர்ச் சட்டம் வாற்கோதுமை, ஹொப்ஸ், நீர் ஆகிய மூன்றையே கூறிற்று, மதுவத்தைக் கூறவில்லை. 1876இல் லூயி பாஸ்டர் பியர் பற்றிய தம் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். 1883இல் கொப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்தியன் ஹன்சன் ஒரே கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். அதன்பின் மதுவத்தை இனமறிந்தும் அளவறிந்தும் இடுதல் எளிதாயிற்று.

இருபது பாகை செல்சியஸ் அளவில் நொதிக்கும் ‘ஏல்’ வகையில், 20 லீற்றர் சாற்றுக்கு ஏறத்தாழ 11 கிராம் உலர்ந்த மதுவம் போதும். குளிரில் நொதிக்கும் ‘லாகர்’ வகைக்கு இதன் இருமடங்கு வேண்டும். குளிரில் மதுவம் மெல்லவே பெருகுமாதலின்.

அளவு மிகுந்தால் புதுக் கலங்கள் போதிய அளவு தோன்றா; ஏலுக்குரிய பழமணம் குன்றும். குறைந்தாலோ கேடு பெரிது. மதுவம் பெருகி நிறையுமுன் பற்றீரியா புகுந்து சாற்றைக் கெடுக்கும். சில வேளை நொதித்தல் இடைநடுவே நின்றுவிடும். முற்றிவிட்டதென எண்ணிப் போத்தலில் அடைப்பின், எஞ்சிய வெல்லம் உள்ளே நொதித்து, வாயு பெருகிப் போத்தலே வெடிக்கும். ஆதலின் அடர்த்தி காட்டும் கருவி சில நாள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டினாலன்றிப் போத்தலை மூடலாகாது.

இங்கே மாணவர் கருதவேண்டியது ஒன்றுண்டு. கிராமிற் சொல்லும் அளவு உயிருள்ள கலங்களையே குறிக்கும். பொதி பழையதாயினும், சாறு ஆறுமுன் இடினும், நிறை குறையாது, உயிர்க்கலங்கள் மடியும். கள் விட்டு அப்பமாவைப் பொங்கவைக்கும் எம் அடுக்களையிலும் உழைப்பது இம்மதுவமே. அங்கும் பழங்கள்ளை எவ்வளவு வார்த்தாலும், அதில் உயிருள்ள மதுவம் இல்லையேல் மா பொங்குமா?