கயிறு கட்டியது போதும், கூட்டிக்கொண்டு வாருங்கள்

எங்கள் மனநலப் பிரிவுக்கு வரும் இளைஞரின் மணிக்கட்டைப் பார்த்தாலே எத்தனை ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். கறுப்புக் கயிறு, சிவப்புக் கயிறு, செம்புத் தாயத்து. சிலருக்குக் கணுக்காலில் சங்கிலி உரசிய புண். தூக்கம் கெட்டு, தனியாகப் பேசிச் சிரித்து, சாப்பாட்டில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளத் தொடங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அரசு மருத்துவமனையில் சீட்டுக்கும் காசில்லை, மாத்திரைக்கும் காசில்லை. ஆனாலும் கடைசியாக வரும் இடம் அதுதான்.

2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருப்பது தெரியவந்தது.

செய்வினையும் காத்துக் கருப்பும்

காதில் குரல் கேட்கிறது என்று பிள்ளை சொன்னதும் "யாரோ வச்சுட்டாங்க" என்கிறார்கள். பிறகு வேப்பிலை அடி, மிளகாய்ப் புகை, மொட்டையடித்து எலுமிச்சம்பழத் தேய்ப்பு, மூக்கில் பச்சிலைச் சாறு. சாறு நுரையீரலுக்குள் போனால் மூச்சே நின்றுவிடலாம். அடித்தால் பேய் போகாது, எலும்புதான் முறியும். சில நாள் அடங்கிக் கிடப்பதைக் குணமாகிவிட்டது என்று நம்புகிறார்கள். வலியிலும் பயத்திலும் சுருண்டு கிடக்கும் பிள்ளை அது.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துவா என்னும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. அதே ஏர்வாடியில்தான் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஒரு தனியார் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. கொல்லைப்புறத்து மரத்தில் கட்டிப்போடுவதற்கும் அது பொருந்தும்.

கால்கட்டு போட்டால் சரியாகுமா?

ஆகாது. நோயை மறைத்துக் கல்யாணம் செய்து, மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். பெண்ணாக இருந்தால் முதல் பிரசவத்துக்குப் பிறகு நோய் முற்றி, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள். இரண்டு குடும்பங்களின் வாழ்க்கையோடு விளையாடாதீர்கள்.

மெடிக்கல் கடை மாத்திரை

பெயர் இருந்த பக்கத்தைக் கத்தரித்துவிட்டு, நாலு மாத்திரை மட்டும் மிஞ்சிய அட்டையை மேசையில் வைத்து, "இதைத்தான் போட்டுக்கிட்டு இருக்கான்" என்பார்கள். பெரும்பாலும் அல்பிரசோலம். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து. முதல் வாரம் நன்றாகத் தூக்கம் வரும்; பிறகு அது இல்லாமல் தூக்கமே வராது. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்களுக்கும் கேட்கும் என்று யார் சொன்னார்கள்? தயவுசெய்து கடைக்காரரிடம் நோயைச் சொல்லி மாத்திரை வாங்காதீர்கள்.

மருத்துவர் எழுதிய மாத்திரைக்குத்தான் ஆயிரம் பயம். "கிட்னி போயிடும்", "மூளை மழுங்கிடும்." மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், பத்தாம் நாள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று குப்பையில் போடுகிறார்கள். மின்சிகிச்சையைச் சினிமாவில் காட்டுவதுபோல் நினைக்கிறார்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்யச் சட்டமே அனுமதிப்பதில்லை.

எங்களிடம் வந்தால், உடல்நோய் ஏதும் காரணமா என்று முதலில் தைராய்டு, சர்க்கரை, தேவைப்பட்டால் தலை ஸ்கேன் பார்ப்போம்.

எங்கள் பக்கத்துக் குறை

பழியை எல்லாம் குடும்பத்தின்மேல் போடுவது நியாயமில்லை. தாலுகா மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. தெரிந்து வந்தாலும் மாத்திரை சில நாளுக்குத்தான் கிடைக்கிறது. மறுபடி வர நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ஒரு நாள் கூலி போகும். பிறகு ஏன் பாதியில் விடமாட்டார்கள்?

செய்ய முடியாத காரியம் இல்லை இது. 2010இல் சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் புதுக்கோட்டைக் கிராமங்களுக்குப் பேருந்தையே அனுப்பியது. உள்ளே உட்கார்ந்து சென்னை மருத்துவரிடம் திரையில் பேசிவிட்டு, மருந்தையும் அங்கேயே வாங்கிக்கொண்டு இறங்க முடிந்தது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. நோய் கட்டுக்குள் இருக்கும் மனநோயாளியின் மாத்திரையும் அதே பையில் போகட்டும். மாத்திரை விழுங்க மறுப்பவருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செவிலியர் போடலாம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, குளிப்பதில்லை, காரணமில்லாத சந்தேகம் என்றால் அடுத்த அமாவாசைக்குக் காத்திருக்காதீர்கள். குணம் தெரிந்ததும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரவில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. சாக வேண்டும் என்று யாராவது சொன்னால் "சும்மா மிரட்டுறான்" என்று விட்டுவிடாதீர்கள், தனியே விடாமல் உடனே அழைத்து வாருங்கள். மற்றபடி பிள்ளை வர மறுக்கிறானா, கட்டி இழுத்து வர வேண்டாம். முதலில் நீங்கள் மட்டும் வந்து நடந்ததைச் சொல்லுங்கள். அவனை எப்படி வரவழைப்பது என்று சேர்ந்து யோசிப்போம்.