புற்றரையின் அடிநிலம்

நங் கல்லூரி மன்றத்தின் முன்னர்ப் பரந்து கிடக்கும் புற்றரையை அறியாதார் நம்முள் எவருமிலர். மாலை வேளைகளில் அதன்மீதமர்ந்து அளவளாவினோரும், பட்டம் பெற்றுப் பிரியும் நாளில் அதன் நடுவே நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டோரும் பலர். ஆயின், அப்புற்றரையிற் குறுக்காக ஓடும் வழுக்கைக் கோடொன்றை நாம் அனைவரும் கண்டுங் காணாதார்போல் இருந்துவந்தோம். நூல்நிலையத்தினின்று வகுப்பறைகட்கு விரைவோர், சுற்றுவழியை விடுத்துக் குறுக்கே நடந்து நடந்து உண்டாக்கிய தடமே அது. அதனை மூடுதற்பொருட்டு, வேரும் மண்ணுமாகப் பெயர்த்த புதுப்புல் பதிக்கப்பட்டது, யூரியா இடப்பட்டது, நாள்தோறும் நீரும் பாய்ச்சப்பட்டது. இரண்டு திங்களிற் புல் மடிந்தது. பழைய கோடு மீண்டும் தோன்றிற்று. தோட்டக்காரரின் கவனக்குறைவே இதற்குக் காரணமென நம்மிற் சிலர் கூசாது கூறினோம். அக்கூற்றுப் பிழையென்பதை மண்ணே நமக்கு உணர்த்தியது. அஃது எவ்வாறென்பதை ஈண்டு ஒருசிறிது விளக்குவாம்.

மண் என்றவுடன் நாம் எண்ணுவது திண்பொருளையே. ஆயினும், பயிர்க்கு உகந்த மேல்மண்ணிற் பாதியளவே திண்பொருளாகும். ஏனைப் பாதி இடைவெளியே. அவ்விடைவெளியில் ஏறக்குறையப் பாதி நீரும் பாதி காற்றும் நிற்பது நன்றென்பர் மண்ணூல் வல்லார். வேரும் உயிர்ப்பதொன்றாதலின், நீரேபோலக் காற்றும் அதற்கு இன்றியமையாதது. காற்றுப் புகாத மண்ணில் எத்துணை நீர் பாய்ச்சினும் வேர் மூச்சுமுட்டி மேலேயே நின்றுவிடும். சின்னாள் வெயிலுக்கும் அது தாங்காது.

இனி, மண்ணின் துகள்கள் மூவகைப்படும். 2 மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரை உள்ளன மணல், அதனிற் சிறியன வண்டல், 0.002 மில்லிமீட்டரினுஞ் சிறியன களி. இவை எவ்வளவு கலந்துள்ளன என்பது ஒரு செய்தி. எவ்வாறு கூடி நிற்கின்றன என்பது பிறிதொரு செய்தி. முன்னதை நாம் மாற்றுதல் அரிது. பின்னதே மண்ணின் கட்டமைப்பு எனப்படுவது. அதனை நாம் கெடுக்கவுங்கூடும், திருத்தவுங்கூடும். ஒரே அளவு செங்கல்லைக் குவித்தால் மேடாகும். முறைப்படி அடுக்கினால் அறையும் வாயிலும் உடைய வீடாகும். அதுபோலவே, துகள்கள் சிறுசிறு மணிகளாகத் திரண்டு நிற்பின் அவற்றிடையே காற்றும் நீரும் வேரும் செல்லுதற்கு வழியுண்டு. அம்மணிகளைப் பிணிப்பன களியும், மட்கிய பொருள்களும், வேரும் நுண்ணுயிரும் சுரக்கும் பசையும், நூலினும் மெல்லிய பூஞ்சண இழைகளுமே.

இப்பிணிப்பைக் குலைப்பன யாவை? முதலாவது மிதி. அதிலும் ஈர மண்ணை மிதித்தல் மிகக் கொடிது. நீர் துகள்களை வழுக்கச் செய்வதால், அவை எளிதில் நெருங்கி இறுகிவிடுகின்றன. இரண்டாவது, புல்லற்ற தரையின்மேல் நேரே வீழும் மழைத்துளி. அது மணிகளை உடைக்க, நுண்டுகள் துளைகளை அடைத்து மேலே ஓடுபோல் படிகின்றது. செம்மண் நிலங்களில் மழைக்குப்பின் இவ்வோட்டைக் கண்கூடாகக் காணலாம். மூன்றாவது, உவர்நீர். அதிலுள்ள சோடியம் களித்துகள்களைப் பிரித்துச் சிதறடிக்கும்.

இவற்றைக் கேட்டறிந்த அளவில் அமையாது, நம் புற்றரையிலேயே இரண்டு சோதனைகள் செய்து பார்த்தோம். இருபுறமும் திறந்த தகரக் குவளையொன்றை வேப்பமரத்தருகே ஓரங்குல ஆழம் தரையிற் பதித்து, ஓரங்குல உயரம் நீர் வார்த்தோம். மிதிபடாத அவ்விடத்தில் நீர் ஐந்து நிமிடத்தில் மறைந்தது. அதே குவளையை நடைத்தடத்திற் பதித்தற்குச் சுத்தியல் வேண்டியிருந்தது. வார்த்த நீரிற் பாதி ஒரு மணிநேரங் கழிந்தும் அவ்வாறே நின்றது. பின்னர், இரண்டிடத்து மண்கட்டிகளையும் உலர்த்திக் கண்ணாடித் தம்ளர் நீரில் இட்டோம். மரத்தடிக் கட்டி தன் வடிவு குலையாது கிடந்தது; தடத்துக் கட்டி சிறிது நேரத்திற் கரைந்து சேறாயிற்று. நாள்தோறும் பாய்ச்சிய நீர் எங்கே சென்றதென்பதும், புதுப்புல் ஏன் மடிந்ததென்பதும் அப்போது விளங்கின. நீர் வேரை அடையவேயில்லை. தோட்டக்காரர் இதனைப் பன்முறை சொல்லியிருந்தார், நாமே செவிகொடுத்திலோம்.

கெட்ட கட்டமைப்பைத் திருத்தும் வழிகளை இனிக் காண்பாம். வயலாயின் உழுது புரட்டலாம். நின்ற புல்லை அவ்வாறு செய்தல் இயலாது. ஆகவே துளையிடுதலே தக்க முறை. உள்ளீடற்ற குழற்பற்கள் பொருந்திய கருவியால் இரண்டு மூன்றங்குல ஆழத்திற்கு மண்ணைச் சிறுசிறு உருளைகளாக வெளியே எடுத்தல் வேண்டும். வெறுங் கம்பியாற் குத்தினால் துளையின் சுற்றுப்புறம் மேலும் நெருக்குண்ணும். ஆதலின் மண்ணை வெளியே எடுக்குங் கருவியே சிறந்தது. எடுத்த உருளைகளைத் தரையிலேயே உதிர விடலாம். மண்ணைக் கையிற் பிடித்து உருட்டிக் கட்டைவிரலால் அழுத்தியவுடன் உதிருமாயின், அதுவே துளையிடுதற்கேற்ற பதம். பிசைந்த மாவுபோல் நசுங்குமாயின் பொறுத்திருத்தல் வேண்டும். துளையிட்டபின், நன்கு மட்கிச் சலித்த எருவைக் கால் அங்குலத்திற்கு மிகாமற் பரப்பி, துடைப்பத்தாற் கூட்டித் துளைகளில் விழச்செய்தல் வேண்டும்.

இவ்விடத்து இரண்டு தவறுகளை விலக்குதல் நன்று. களிமண்ணிற் சிறிது மணலைக் கலந்தால் அஃது இளகும் எனப் பலர் கருதுவர். மணலின் இடைவெளிகளைக் களி நிறைத்துவிடுதலின், மண் மேலும் இறுகுதலே பெரும்பாலும் நிகழ்வது. ஜிப்சமோ, சோடியம் மிகுந்த நிலத்திற்கு மட்டுமே மருந்தாகும்; அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பற்றிக்கொள்ளும். மிதியால் இறுகிய மண்ணுக்கு அது பயன்படாது.

நாம் செய்யும் வேலையினும் பெரிய வேலையை ஓசையின்றிச் செய்து முடிப்பது மண்புழு. சார்ல்ஸ் டார்வின் தம் வீட்டருகே ஒரு வயலில் 1842-ஆம் ஆண்டு சுண்ணக்கட்டிகளைப் பரப்பச் செய்தார். 29 ஆண்டுகள் கழித்து, 1871-இல், அங்கே குழிதோண்டிப் பார்த்தபோது அக்கட்டிகள் ஏழங்குலத்தின் கீழ் வரிசையாகக் கிடந்தன. மண்புழுக்கள் மேலே கொணர்ந்த மண்ணே அவற்றை மூடியது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டொன்றுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலூடே சென்று மேலே வருகிறதென 1881-இல் வெளியிட்ட நூலில் அவர் கணக்கிட்டார். இதற்கு மாறான காட்சியும் அந்நாட்டிலேயே உண்டு. ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1856-ஆம் ஆண்டு தொடங்கி இன்றும் நடைபெறும் புல்வெளி ஆராய்ச்சியில், சுண்ணாம்பு இடாது ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் இட்ட பாத்திகளில் மண் கடும்புளிப்பு எய்தியது, மண்புழுக்கள் அற்றன, மடிந்த புல் மட்காது பாய்போல் மேலே படிந்தது. பயிருக்கு ஊட்டுவோர் மண்ணின் உயிர்களை மறத்தலாகாது என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

ஆதலின் வெட்டிய புல்லை வாரி எறியாது மெல்லியதாய் அங்கேயே விடுக. அது மட்கி மண்ணுக்கு உணவாகும். ஒருமுறைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டற்க; மேலே இலை குறையின் கீழே வேரும் குறையும். நாள்தோறும் சிறிது தெளிப்பதை விடுத்து, இடைவிட்டு ஆழ நனையுமாறு பாய்ச்சுக; நீரைத் தேடி வேர் கீழிறங்கும்.

நம் புற்றரையிற் புரட்டாசித் தொடக்கத்தில் இம்முறைகளைக் கைக்கொண்டோம். தோட்டக்காரர் முன்னின்று வழிகாட்ட, தடத்தின் இருபுறமும் முளையடித்துக் கயிறு கட்டி, துளையிட்டு எருப் பரப்பினோம். புதுப்புல் ஒன்றும் பதித்திலோம். நம் புற்றரையிலுள்ள அறுகு தரைமேலும் தரைக்கீழும் தண்டோட்டிப் பரவுமியல்பினது. வழியமைத்துக் கொடுத்தால் தானே வந்து மூடும். மழைக்காலங் கழிந்து தை பிறந்தபோது இருபுறத்துத் தண்டுகளும் இடையிடையே ஒன்றையொன்று தொட்டிருந்தன. குவளையில் வார்த்த நீர் இருபது நிமிடத்தில் இறங்கிற்று. மரத்தடியின் நிலையை அஃது இன்னும் எய்தவில்லை; எய்துதற்கு ஆண்டுகள் செல்லும். கயிற்றைத் தாண்டிச் சென்ற அடிச்சுவடுகளையும் இடையே இருமுறை கண்டோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

திருவள்ளுவர் உழவதிகாரத்தில், உழுதலினும் எருவிடுதல் நன்றென்றும், நீர்பாய்ச்சுதலினும் காத்தல் நன்றென்றும் கூறியுள்ளார். அக்குறளை நாம் மனப்பாடஞ் செய்து தேர்விலும் எழுதியுள்ளோம். காத்தல் என்பதற்கு மாடு மேயாமற் பார்த்தல் என்றே பொருள்கொண்டோம். நம் கால்களினின்றும் காத்தல் வேண்டுமென்று எண்ணினோமல்லோம். நூல்நிலையத்திலிருந்து சுற்றி வருதற்கு மிகையாகச் செல்வது இரண்டு நிமிடமே. வரும் ஆண்டில் இக்கல்லூரியிற் புகுவோர் முன்பொரு தடமிருந்ததென்பதை அறியாமலே அப்புற்றரையில் அமரவேண்டுமாயின், அவ்விரண்டு நிமிடத்தை நாம் ஒவ்வொருவரும் ஈதல் வேண்டும்.