கடலடிக் காட்டுக்கு ஒரு கையெழுத்து

கடலுக்குள் காடு உண்டா? உண்டு. அதன் படம் விலைக்கும் கிடைக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மான்டெரே வளைகுடாவை ஒட்டிய ஊர்களில் இத்தகைய படங்கள் விற்பனையாகின்றன. பொன்னும் பழுப்புமாக நெடுநெடுவென்று உயர்ந்த கொடிகள், அவற்றின் ஊடே சாய்ந்து இறங்கும் வெயில், கீழே நிழலில் மீன் கூட்டம். படத்தின் அடியில் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் ஒரு கையெழுத்து. பக்கத்தில் 12/250 என்பது போல ஓர் எண். மொத்தம் 250 பிரதிகள்தான், இது அதில் 12-வது என்று பொருள். அதற்கு மேல் அந்த அளவில் அச்சிடுவதில்லை என்பது படம் எடுத்தவர் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்குக்குத்தான் விலை. நம்மூர் ஸ்டூடியோக்காரர் அட்டை மூலையில் போடும் முத்திரைக்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை!

படத்தில் இருப்பது கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசி. இதற்கு வேர் கிடையாது; பாறையை இறுகப் பற்றும் பிடி மட்டுமே உண்டு. இலைதோறும் அடியில் காற்றடைத்த சிறு குமிழ் இருப்பதால் கொடி நிமிர்ந்து நிற்கிறது. சூழ்நிலை வாய்த்தால் ஒரே நாளில் 2 அடி வளரும். 100 அடியையும் தாண்டும். குளிர்ந்த கடல் வேண்டும் என்பதால் மும்பையிலும் சென்னையிலும் இதைத் தேடிப் பயனில்லை. ஆனால் இதிலிருந்து எடுக்கும் ஆல்ஜின் என்ற பசைப்பொருள் ஐஸ்கிரீமில் சேர்க்கப்படுவதுண்டு.

படம் எடுப்பது லேசான வேலையல்ல. உடம்பை விறைக்க வைக்கும் தண்ணீர். சில அடி ஆழத்திலேயே சிவப்பு நிறம் மங்கிவிடும். கூடவே விளக்கு கொண்டுபோக வேண்டும். பிலிம் காலத்தில் 36 படம் முடிந்தால் கரையேறித்தான் சுருளை மாற்ற முடியும்.

1834-ல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் இந்தக் காடுகளைப் பார்த்த டார்வின், நிலத்துக் காடு அழிவதைவிட இது அழிந்தால் மடியும் உயிரினங்கள் அதிகம் என்று கருதினார். அந்த அழிவு கலிபோர்னியாவின் வடகரையில் நேர்ந்தது. 2013-ல் நட்சத்திர மீன்களுக்குக் கொள்ளைநோய் வந்தது. இருபது கை கொண்ட சூரியகாந்தி நட்சத்திர மீன் அநேகமாக அற்றுப்போயிற்று. அதற்கு இரையாகி வந்த ஊதா நிறக் கடல் முள்ளெலிகள் பெருகின. 2014 முதல் 2016 வரை கடலும் சூடேறியது. பசித்த முள்ளெலிகள் மிஞ்சிய பாசியையும் மேய்ந்தன. அங்கே 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட கெல்ப் காடு மறைந்தது.

மான்டெரேப் பக்கம் முள்ளெலியைத் தின்னும் கடல்நீர்நாய்கள் இருப்பதால் அங்கங்கே திட்டுத் திட்டாகக் காடு தப்பியது. வடகரையில் அவை இல்லை. ரோமத்துக்காக எப்போதோ வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். அதனால் அங்கே கேஸ்பர் என்னும் சிறு குடாவில் முக்குளிப்பவர்களே சுத்தியலுடன் இறங்கி முள்ளெலிகளை உடைக்கிறார்கள்.

ஆகவே இந்தப் படத்தை வாங்குகிறவர்கள் கையெழுத்தையும் எண்ணையும் பார்ப்பதோடு நிற்காமல், எந்தக் கரையில், எந்த ஆண்டில் எடுத்தது என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. வடகரையில் 2013-க்கு முன் எடுத்ததென்றால், அதே இடத்தில் மறுபடி இறங்கி அதே படத்தை எடுப்பது இன்று அநேகமாக நடவாது.