வன்னியில் வீடற்றவர் யார்? எமது ஸகாத் எங்கே போய்ச் சேர வேண்டும்?

வீடற்றவர்கள் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே கடதாசி விரித்துப் படுத்திருப்பவர்கள்தான். நீராவிப்பிட்டியிலோ நாச்சிக்குடாவிலோ சாளம்பைக்குளத்திலோ அப்படி ஒருவரைக் காண்பது அரிது. அதனால்தான், "வன்னி முஸ்லிம்களுக்கு எத்தனை வீட்டுத்திட்டம் வந்தது, இன்னும் வீடில்லையா?" என்று புத்தளத்திலும் கொழும்பிலும் உள்ள சகோதரர்கள் கேட்கிறார்கள். ரமழான் மாதத்தில் ஸகாத் பற்றிப் பேச்சு எழும்போது இந்தக் கேள்வியும் சேர்ந்தே எழுகிறது. கேட்பதில் தவறில்லை. ஆனால் பதிலை ஒரு வரியில் சொல்லிவிட முடியாது.

வன்னியில் வீடற்றவர் தெருவில் படுப்பதில்லை. அவர் தன் உம்மா வீட்டு விறாந்தையைப் பலகையால் அடைத்து மனைவி, பிள்ளைகளோடு இருக்கிறார். அல்லது பிறர் பெயரிலுள்ள காணியில் தகரக் கொட்டில் போட்டிருக்கிறார். அல்லது கூரையில்லாமல் சுவர் மட்டும் நிற்கும் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே தறப்பாள் கட்டிக் குடியிருக்கிறார். இன்னொரு வகையினர் வன்னியிலேயே இல்லை. புத்தளத்தில் வாடகை கொடுத்துக்கொண்டு, ஊரில் ஒரு துண்டுக் காணி கிடைத்தால் போவோம் என்று காத்திருக்கிறார்கள். நாலு பேருடைய கதையும் வேறு வேறு. நாலு பேருக்கும் ஒரே மருந்தாக "50 வீட்டுத் திட்டம்" என்று பெயர்ப்பலகை நட்டால் நோய் தீராது.

கதையின் தொடக்கம் தெரிந்ததுதான். 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி மக்கள் வவுனியா வழியாக அநுராதபுரத்துக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். லோ அன்ட் சொசைட்டி டிரஸ்ட் நிறுவனத்தின் முன்முயற்சியில் அமைந்த பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்தது. வெளியேற்றத்தின் வலி அதில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அதைத் திரும்பச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. எமக்குத் தேவையானது ஒரு கணக்கு மட்டும். 1990இல் ஒரு தகப்பனும் தாயும் ஐந்து பிள்ளைகளும் ஒரு குடும்பமாக வெளியேறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2009க்குப் பிறகு திரும்ப நினைத்தபோது அவர்கள் ஆறு குடும்பங்கள். ஆனால் காணி அந்தப் பழைய அரை ஏக்கர்தான். பத்திரம் இருந்தால் அதிலிருப்பது தகப்பனின் பெயர். தகப்பனோ புத்தளத்தில் அடக்கம் செய்யப்பட்டுவிட்டார்.

இந்த ஆறு குடும்பங்களில் ஒன்றுக்குத்தான் வீடு வந்தது. மற்ற ஐந்தும் அதிகாரிகளின் பேச்சில் "உப குடும்பங்கள்".

திரும்பி வந்த காலமும் எமக்குப் பாதகமாக அமைந்தது. போர் முடிந்த பிறகு 2008 ஏப்ரலை எல்லையாக வைத்து, அதற்கு முன் இடம்பெயர்ந்தோர் "பழையவர்கள்", பின் இடம்பெயர்ந்தோர் "புதியவர்கள்" என்று பிரித்தார்கள். மெனிக் பாம் முகாமில் இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் அடைபட்டிருந்த நேரம் அது. உதவி முதலில் அவர்களுக்குப் போனதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்ட பின்னரும் "பழையவர்கள்" வரிசையின் கடைசியிலேயே நின்றார்கள். 2007இல் உலக வங்கி 32 மில்லியன் டொலரில் ஆரம்பித்த புத்தளம் வீடமைப்புத் திட்டம் பலருக்கு அங்கே கௌரவமான கூரையைக் கொடுத்தது, அல்ஹம்துலில்லாஹ். அதே கூரை பின்னர், "உங்களுக்குத்தான் புத்தளத்தில் வீடு இருக்கிறதே" என்ற கேள்வியாகவும் மாறியது.

இந்தியாவின் 50,000 வீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். வடக்கு கிழக்குக்கு 46,000 வீடுகள். வீட்டு உரிமையாளரே கட்டிக்கொள்ளும் முறை. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. பணம் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வரும். அத்திவாரம் போட்டால் அடுத்த தவணை, சுவர் எழும்பினால் அதற்கடுத்தது. காகிதத்தில் இது மிக நல்ல முறை. கொந்தராத்துக்காரன் கொள்ளையடிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துக் காட்டினால்தான் அடுத்த பணம். முடிப்பதற்குக் கையில் முதல் வேண்டும், மேசனுக்குப் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். கணவனை இழந்த பெண்ணுக்கு இரண்டும் இல்லை. அவர் நகையை அடகு வைப்பார், பிறகு கடன் வாங்குவார். பயனாளிகளைப் புள்ளி முறையில் தெரிவு செய்தபோது அங்கத்தவர் குறைந்த குடும்பங்களும் பின்தள்ளப்பட்டன. தனியாக வாழும் வயோதிபத் தம்பதி, ஒரே பிள்ளையோடு திரும்பி வந்த இளம் குடும்பம் போன்றோர் அதில் அடிபட்டார்கள். இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வன்னியின் தமிழ்க் கிராமங்களிலும் இதே முறைப்பாட்டைக் கேட்கலாம்.

அதைவிட மோசமான காயம் 2019இல் பட்டது. 2018, 2019 காலப்பகுதியில் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் மாதிரிக் கிராமங்கள் வடக்கெங்கும் ஆரம்பமாயின. அத்திவாரத்துக்கு முதல் தவணை கிடைத்ததும் மக்கள் இருந்த கொட்டிலை உடைத்துவிட்டுக் கட்டத் தொடங்கினார்கள். 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. தவணைகள் நின்றன. பிறகு கொரோனா, அதற்குப் பிறகு 2022 நெருக்கடி. ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்து மூடை மூவாயிரத்தைத் தொட்டது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில் வீதியோரம் போகும்போது பற்றை படர்ந்த சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவை போரில் இடிந்தவை என்று வெளியூர்க்காரர் நினைக்கிறார்கள். அவற்றில் பல, சமாதான காலத்தில் கட்டத் தொடங்கி நின்றுபோனவை.

இனிக் காணிக்கு வருவோம். சிக்கலின் வேர் இங்குதான் இருக்கிறது.

வன்னியில் குடியிருப்புக் காணிகளில் பெரும்பகுதி அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரம் கொடுக்கப்பட்டவை. இந்தப் பத்திரம் உறுதி அல்ல. நினைத்தபடி விற்கவோ துண்டு போடவோ முடியாது. பின்னுரித்தாளரை நியமிக்காமல் பத்திரக்காரர் இறந்தால் ஆண் வாரிசுக்கு, அதிலும் மூத்தவருக்கு, முன்னுரிமை என்பதே நீண்டகாலம் சட்டமாக இருந்தது. 2022இல் வந்த திருத்தம்தான் ஆண், பெண் பாகுபாட்டை நீக்கியது. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கல்யாணம் முடித்து வைக்கும் வழக்கமுள்ள எமது ஊர்களில் இது எவ்வளவு குழப்பத்தைக் கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மகள் குடியிருக்கிறாள், பத்திரம் மூத்த சகோதரனுக்குப் போகிறது, சகோதரன் கற்பிட்டியில் இருக்கிறான்.

தனியார் காணியென்றால் வேறு பிரச்சினை. பத்து ஆண்டுகள் இடையூறின்றி ஆட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்ற காலவிதிப்புச் சட்டம், ஊரை விட்டு விரட்டப்பட்டவர்களுக்கு எதிராகவே வேலை செய்தது. இதைச் சரிசெய்ய 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரை ஆயுதக் குழுக்களின் செயல்களால் காணியை அணுக முடியாமற்போனவர்களுக்கு அந்தக் காலம் கணக்கில் சேராது என்றது. நல்ல சட்டம். ஆனால் வழக்குப் போடக் கொடுத்த அவகாசம் இரண்டே ஆண்டுகள். எமது பள்ளிவாசல்களில் எத்தனை ஜும்ஆக்களில் இந்தச் சட்டத்தைப் பற்றி அறிவித்தோம் என்று எம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

புதிதாகக் காணி கேட்டால் வனப் பிரச்சினை. முள்ளியவளைக்கு அருகே கூழாமுறிப்பில் திரும்பி வரும் முஸ்லிம்களுக்குக் காடு வெட்டிக் காணி கொடுக்கும் யோசனை எழுந்தபோது, அங்குள்ள தமிழ் மக்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். அதை இனவாதம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது எமக்கு வசதி. ஆனால் காணியில்லாத தமிழ்க் குடும்பங்களும் அதே பிரதேச செயலகத்தின் அதே வரிசையில் நிற்கின்றன. கேப்பாப்பிலவு மக்கள் இராணுவத்திடமிருந்து தம் காணியைக் கேட்டு 2017இல் வீதியில் குந்தினார்கள். கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் மலையகத்திலிருந்து வந்த மக்கள் பல்லாண்டுகளாகச் சரியான பத்திரமின்றி வாழ்ந்திருக்கிறார்கள். காணிக் கச்சேரி நடக்கும்போது முஸ்லிம் பட்டியல், தமிழ்ப் பட்டியல் என்று இரண்டு பக்கமாக நிற்பதைவிட, காணியற்றோர் பட்டியல் ஒன்றை இரு சமூகத்தாரும் சேர்ந்து கொடுத்தால் அதிகாரிக்கு அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

எம் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. பூட்டிய வீடுகள். கட்டி முடித்துச் சாவி கொடுத்த வீடுகளில் சில வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கின்றன. "வீடு வாங்கத்தான் வருகிறார்கள், இருக்க வருவதில்லை" என்று அயலவர் பேசுவதற்கு இது இடம் கொடுக்கிறது. காரணம் இல்லாமலில்லை. பிள்ளை புத்தளத்தில் ஏ.எல். படிக்கிறாள், வாப்பாவுக்கு அங்கேதான் கடை. வீட்டைக் கொடுத்தோம், பாடசாலைக்கு ஆசிரியரையும் தொழிலுக்கு வழியையும் கொடுக்கவில்லை. என்றாலும் பக்கத்துத் தகரக் கொட்டிலில் ஒரு விதவை மழைக்கு ஒதுங்கியிருக்க, இங்கே வீடு பூட்டிக் கிடப்பதற்கு ஜமாஅத் ஒரு வழி செய்யலாம். உரிமையாளரின் சம்மதத்தோடு, எழுத்து மூலமாக, ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ இரவலாகக் குடியமர்த்தலாம். ஒரு சீமெந்து மூடைகூடச் செலவில்லை. உரிமை போய்விடும் என்ற பயம்தான் தடை. ஒழுங்காக எழுதிக் கையெழுத்து வைத்தால் அந்தப் பயம் குறையும்.

இப்போது ஸகாத். எமது தனவந்தர்கள் வீடு கட்டிக் கொடுப்பதை விரும்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா வைக்கலாம். ஆனால் ஸகாத் பணத்தில் கட்டும் வீட்டுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பெறுபவருக்கு அது முழுமையாக உரிமையாக வேண்டும் (தம்லீக்). பத்திரமே இல்லாத அரச காணியில், அல்லது சகோதரன் பெயரிலுள்ள காணியில் எட்டு இலட்சத்துக்கு வீடு கட்டிக் கொடுத்தால், நாம் யாருக்கு உரிமையாக்கினோம்? நாளை பிணக்கு வந்தால் அந்தப் பெண் வெளியே நிற்பாள். ஆகவே முதல் செலவு செங்கல்லுக்கு அல்ல, பத்திரத்துக்கு. நில அளவைக் கட்டணம், வாரிசுப் பதிவு, இறப்புச் சான்றிதழ் எடுக்கும் அலைச்சல், சட்டத்தரணிக் கட்டணம். ஏழைக்கு உரிமையாகக் கொடுக்கும் ஸகாத் பணத்தை அவர் இதற்குச் செலவிடலாம். ஸதகாவிலிருந்தும் கொடுக்கலாம். வக்பு காணியில் வீடு கட்டுவதென்றால் அதற்கு ஸதகாவே பொருத்தம், அங்கே குடியிருக்கும் உரிமைதான் கிடைக்கும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவி போன்றோர் ஏழைக்கு ஒரு நாள் உணவுக்கல்ல, வாழ்நாள் தேவை தீரும் அளவு கொடுக்கலாம் என்கிறார்கள். குடியிருக்கும் வீடு ஒன்று இருப்பதால் மட்டும் ஒருவர் ஏழை என்ற நிலையிலிருந்து நீங்கிவிடுவதில்லை என்றும் அதே மத்ஹபில் இருக்கிறது. "அவருக்குத்தான் பாதி வீடு இருக்கிறதே" என்று பட்டியலிலிருந்து பெயரை வெட்டும் நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அல்குர்ஆன் 9:60 சொல்லும் எட்டுக் கூட்டத்தாரில் கடன்பட்டோரும் ஒரு கூட்டத்தார். தவணை நின்றுபோன வீட்டைக் கட்டப்போய்க் கடன்பட்டவரை விடப் பொருத்தமான கடனாளியை வன்னியில் தேடிப் பிடிக்க முடியாது. கடைக்காரருக்கும் மேசனுக்கும் தர வேண்டிய பாக்கியை அவருடைய அனுமதியோடு நேரே கொடுத்துத் தீர்க்கலாம். நுண்கடன் நிறுவனங்களிடம் வட்டிக்கு வாங்கிய கடன் சிக்கலானது. 2018இல் வறட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. இந்தக் கடனில் முதலை மட்டும் தீர்ப்பதா, நிபந்தனை என்ன என்பதை உலமாக்கள் எழுத்தில் விளக்கினால் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்குத் தயக்கம் இருக்காது.

ஒரு புதிய வீட்டுக்குச் செலவாகும் தொகையில், சுவர் எழும்பி நிற்கும் மூன்று, நாலு வீடுகளுக்குக் கூரையும் கதவும் போட்டுவிடலாம். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் 2018 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்கள்தான் அன்றிரவு முதலில் பாடசாலைகளுக்கு ஓடினார்கள். மாரி மழை ஒக்டோபரில் தொடங்கும். ஒவ்வொரு ஜமாஅத்திலும் இரண்டு இளைஞர்கள் ஒரு கொப்பியோடு புறப்பட்டால், கூரையில்லாத சுவர் எத்தனை, பத்திரமில்லாத குடும்பம் எத்தனை, பூட்டிய வீடு எத்தனை, கடன் எவ்வளவு என்று ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். அடுத்த ரமழானில் தனவந்தர் ஒருவர் "என்ன தேவை?" என்று கேட்கும்போது அந்தக் கொப்பியை அவர் முன் வைக்கலாம்.