உலை அணைந்த பின் ரூர் பிரதேசம்

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், ரைன் நதியோடு சென்று கலக்கும் ரூர் என்னும் ஆற்றின் பெயரால் வழங்கும் பிரதேசம், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்நாட்டின் உலைக்களமாகவும் ஆயுதசாலையாகவும் விளங்கியது. பூமியின் ஆழத்திலிருந்து நிலக்கரியை வெட்டி எடுப்பதும், அதைக் காற்றுப் புகாத அடுப்புகளில் சுட்டுக் கல்கரியாக்குவதும், அக்கல்கரியைக் கொண்டு இரும்பை உருக்குவதுமே அங்குள்ள ஜனங்களின் பிரதான ஜீவனோபாயமாக இருந்தன. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், எண்ணெயும் அயல்நாட்டு நிலக்கரியும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது, எஞ்சி நின்ற கோபுரங்களையும் உலைகளையும் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. இடித்துவிட்டு இரும்பை விலைக்குப் போட்டுவிடலாம் என்று பலர் கருதினார்கள்; அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. வேலையை இழந்து நிற்கும் ஒரு மனிதனிடம், நீ உழைத்த இடம் ஒரு கலைச் சின்னம் என்று சொன்னால் அவன் வீட்டு அடுப்பு எரியாது.

இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளில் பிரசித்தி பெற்றது, எஸன் நகரத்து ஸோல்ஃபெரைன் சுரங்கம். ஃபிரான்ஸ் ஹானியல் என்னும் தொழிலதிபர் 1847ஆம் ஆண்டில் தோற்றுவித்த அச்சுரங்கத்தின் 12ஆம் குழி, 1932இல் வேலை தொடங்கிய நாள்முதல் ஒரு நாளைக்குச் சுமார் 12,000 டன் நிலக்கரியை மேலே கொணரும் வல்லமை படைத்திருந்தது. ஃபிரிட்ஸ் ஷூப், மார்ட்டின் கிரெம்மர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள், எஃகுச் சட்டங்களுக்கு இடையே செங்கல்லை நிரப்பி, அலங்காரம் ஏதுமின்றி, ஒவ்வொரு கட்டடமும் அதனதன் காரியத்துக்கு ஏற்ற வடிவத்தில் நிற்குமாறு அமைத்தார்கள். 55 மீட்டர் உயர்ந்து நிற்கும் அதன் இரட்டைத் தூக்குக் கோபுரத்தை இன்று காண்பவர்கள், சிக்கனத்திலும் ஒரு கம்பீரம் பிறக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்வார்கள். 1986 டிசம்பர் 23ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதற்குச் சற்று முன்பே அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருந்த மாகாண அரசு, நிலத்தையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. 2001இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

நிலக்கரியைக் கல்லும் மண்ணும் நீக்கித் தரம் பிரித்த மாபெரும் கட்டடத்தில் இன்று ரூர் அருங்காட்சியகம் இருக்கிறது. கரி உச்சித் தளத்தில் உள்ளே புகுந்து, இயந்திரங்களின் வழியே படிப்படியாகக் கீழிறங்கிய விதத்தை மறவாமல், பார்வையாளர்களையும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் ஒரு நெடிய நகரும் படிக்கட்டின் மூலம் 24 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, அங்கிருந்து தளம் தளமாக இறங்கிவரச் செய்கிறார்கள். கொதிகலன் கூடத்தை நார்மன் ஃபாஸ்டர் என்ற ஆங்கிலேயக் கலைஞர் வடிவமைப்புக் கலைக்கான காட்சிசாலையாக மாற்றிக் கொடுத்தார். கரிப்புழுதியோடு மேலே வந்தவர்கள் குளித்து உடை மாற்றிய கூடத்தில் இப்போது நடனக் கலைஞர்கள் பயில்கிறார்கள். அருகிலிருந்த கல்கரி ஆலையோ 1993 வரை புகைந்துகொண்டிருந்தது. அதைப் பிரித்துச் சீனாவுக்கு விற்றுவிடுவதாக இருந்த பேரம் முறிந்து போனமையாலேயே அது பிழைத்தது. குளிர்காலத்தில் அதன் நெடிய நீர்த்தொட்டியின் மேல் பனிச்சறுக்குத் தளம் அமைக்கிறார்கள். 2001இல் இரு கலைஞர்கள் கப்பல் சரக்குப் பெட்டிகளைக் கொண்டு அங்கே ஒரு நீச்சல் குளத்தைப் படைத்தார்கள். கோடையில் சுற்றுவட்டாரத்துக் குழந்தைகள் கட்டணமின்றி அதில் நீந்துவதை, அங்குள்ள எந்தக் காட்சிசாலையையும்விட நான் பெரிதாக மதிக்கிறேன்; சுரங்கத்தால் வாழ்ந்து, சுரங்கத்தோடு தாழ்ந்த குடும்பங்களுக்கு அந்த நிலத்தில் மீண்டும் ஓர் உரிமை பிறந்தது அங்கேதான்.

இன்னும் ஒரு படி மேலே சென்றது டூயிஸ்பர்க் நகரம். 1985இல் அணைந்த மைடரிக் இரும்பாலையின் ஊது உலைகளை, பீட்டர் லாட்ஸ் என்ற நிலவமைப்புக் கலைஞர் துடைத்து மெருகேற்றவுமில்லை, வர்ணம் பூசவுமில்லை; துருவோடும் கறையோடும் அப்படியே நிற்கவிட்டு, சுற்றிலும் ஒரு பெரிய பூங்காவை எழுப்பினார். தாதுக்களைக் கொட்டிவைத்த தடித்த சுவர்களில் இளைஞர்கள் மலையேற்றம் பழகுகிறார்கள். எரிவாயுவைச் சேமித்த உருளையில் நீரை நிரப்பி முக்குளிப்புக் கற்கிறார்கள். வார்ப்புக் குழிகளில் பதித்திருந்த 49 இரும்புப் பலகைகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நடு முற்றத்தில் பரப்பியிருக்கிறார்கள். தூர தேசங்களிலிருந்து வந்த தாதுக்களோடு ஒட்டிக்கொண்டு வந்த விதைகள் முளைத்து, அவ்விடத்துக்கே சொந்தமில்லாத செடிகள் கசடு மேடுகளில் செழித்திருந்ததையும் அவர் களையவில்லை. ஒரு முதியவர் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துவந்து, தாம் இன்ன இடத்தில் நின்று இன்ன வேலை செய்ததாக விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதே லாட்ஸின் எண்ணமாக இருந்ததாகச் சொல்கிறார்கள். பழமையைக் காத்தல் என்பதற்கு இதனினும் சிறந்த லட்சணத்தை நான் கேட்டதில்லை.

இவற்றுக்கெல்லாம் பின்னணியில் ஒரு பெருந்திட்டம் இருந்தது. கார்ல் கன்ஸர் என்பவரின் தலைமையில், 1989 முதல் 1999 வரை பதினேழு நகரங்கள் ஒன்றுகூடி, எம்ஷர் என்ற சாக்கடையாகிப் போன நதியின் கரையெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட பணிகளை மேற்கொண்டன. அடியில் கரியைக் குடைந்ததால் நிலம் தாழ்ந்துகொண்டே இருந்தமையின், புதைகுழாய்கள் உடைந்துபோகும் என்று அஞ்சி, பிரதேசத்தின் கழிவுநீரையெல்லாம் அந்நதியில் திறந்த வாய்க்காலாக ஓடவிட்டிருந்தார்கள். சுரங்கங்கள் ஓய்ந்து நிலம் நிலைத்த பின்னரே பூமிக்கடியில் கால்வாய் அமைத்து, 2021இன் இறுதியில் நதியைக் கழிவிலிருந்து விடுவிக்க முடிந்தது. தாழ்ந்த நிலத்தில் நீர் தேங்காதிருக்கவும், சுரங்க நீர் குடிநீரோடு கலவாதிருக்கவும், காலமெல்லாம் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு ஆழத்திலிருந்து வெதுவெதுப்பாக வரும் நீரைச் சுவர்களுக்குள் குழாய் வழியே செலுத்தி, ஸோல்ஃபெரைனில் 2006இல் எழுந்த ஒரு புதிய கட்டடத்தைச் சூடாக்கியது, சாபத்தையே வரமாக்கிக் கொண்ட சாமர்த்தியம்.

ஆயினும் இதைப் பூரண வெற்றியென்று கொண்டாட என் மனம் ஒப்பவில்லை. சுரங்கம் சோறு போட்ட அத்தனை பேருக்கும் காட்சிசாலையால் வேலை தர இயலாது. போர்க்காலத்தில் அயல்நாட்டவரையும் கைதிகளையும் வலுக்கட்டாயமாக இப்பிரதேசத்துச் சுரங்கங்களில் இறக்கி வருத்திய கொடுமையும், பிற்காலத்தில் துருக்கியிலிருந்து வந்து கரி வெட்டியவர்களின் உழைப்பும், அழகிய செங்கற்சுவர்களைப் படம் பிடிப்போர் கண்ணில் தாமாகப் படமாட்டா. இயந்திரங்களை அகற்றிவிட்டுச் சுவரை மாத்திரம் நிறுத்தி உள்ளே உணவகம் வைப்பதை நான் பாதுகாப்பென்று ஒப்பமாட்டேன். அங்கே யார் உழைத்தார்கள், என்ன கூலிக்கு உழைத்தார்கள், எதனால் மாண்டார்கள் என்பதும் சொல்லப்பட வேண்டும்.

வாசகர்களில் எவருக்கேனும் அந்தத் திசையில் பிரயாணம் செய்யும் வாய்ப்புக் கிட்டினால், தனியாகச் சுற்றிப் பார்த்துத் திரும்பிவிடாமல், முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர் வழிகாட்டும் குழுவோடு சேர்ந்து செல்லுங்கள். ஜெர்மனியில் பூமியின் ஆழத்திலிருந்து கரி வெட்டிய கடைசிச் சுரங்கம் எஸனுக்குப் பக்கத்து ஊரான போட்ரோப்பில் 2018 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. கரியைத் தம் கையால் வெட்டியவரின் வாயால் அந்தச் சரித்திரத்தைக் கேட்கும் பாக்கியம் இன்னும் சில காலமே நீடிக்கும்.